இரண்டு தராசு, ஒரே சிலேட்டு

அந்த அம்மா பர்கூர் பக்கத்திலிருந்து வந்திருந்தார். டாட்டா ஏஸ் நிறைய பெங்களூரா மாங்காய். வெளியூரில் இதைத் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்பார்கள். கிருஷ்ணகிரியில் பெங்களூராதான். சாப்பிடப் போவதைவிடக் கூழ் ஆலைக்குப் போவது அதிகம். எங்கள் மாமாவின் மண்டியில் எடை போட்டு, பிரிண்டரில் வந்த பட்டியலை முந்தானையில் முடிந்துகொண்டு போனவர் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“ஏம்பா, எங்க தோட்டத்துல செந்தூரா மரமே கிடையாது. இதுல செந்தூரான்னு போட்டிருக்குதாம். என் பையன் படிச்சுச் சொல்றான்.”

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பெயர் அவருடையது, ஊர் அவருடையது. ரகம் செந்தூரா, எடை 1,265 கிலோ. தராசு பார்க்கிற அண்ணன் தன் சிலேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தம்மாவுக்கு 1,840, பெங்களூரா” என்றார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் சிலேட்டை விடவில்லை. நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மண்டிக்கான பட்டியல் மென்பொருளை எழுதியவன் நான். பெங்களூருவில் எட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். மாமா கேட்டார் என்று ஜாவா மொழியில், ஸ்பிரிங் என்ற ஆயத்தச் சட்டகம் வைத்து, ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன். முதல் சீசன் முழுக்க ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் வரத்து கூடியது, மாமா இரண்டாவது கேட் திறந்தார், அங்கே இன்னொரு தராசு, இன்னொரு கம்ப்யூட்டர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் நான் சந்தேகப்பட்டது இரண்டாம் கேட்டில் உட்கார்ந்திருந்த பையனை. ரகத்தை மாற்றி அமுக்கியிருப்பான் என்று நினைத்து, நாலு பேர் முன்னால் கொஞ்சம் சத்தமும் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து தராசிலிருந்து வரும் வயரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் பிரிண்டரை. என் கோடு, அதாவது நான் எழுதிய நிரல், அதன் மேல் சந்தேகம் வர மூன்று நாள் ஆனது. எழுதுகிறவனுக்குத் தன் கோடு கடைசிச் சந்தேகம்தான்.

துப்பு கொடுத்தது அந்த 1,265. அதற்கு அடுத்த பட்டியலும், மத்தூர்ப் பெரியவர் ஒருவருடையது, செந்தூரா, 1,265 கிலோ. ஒரு கிலோகூட மாறவில்லை. மாம்பழத்தில் அடுத்தடுத்த இரண்டு வண்டி ஒரே எடைக்கு வருமா என்ன? மென்பொருள் தன் வேலைகளை நேரத்தோடு குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். வரிகள் இப்படி இருந்தன: 11 மணி 42 நிமிடம் 7-வது நொடியில் முதல் கேட், 1,840, பெங்களூரா. 8-வது நொடியில் இரண்டாம் கேட், 1,265, செந்தூரா. 9-வது நொடியில் முதல் கேட்டின் பட்டியல் பதிவானது: 1,265, செந்தூரா. 10-வது நொடியில் இரண்டாம் கேட்டின் பட்டியல்: அதுவும் 1,265, செந்தூரா. அந்த அம்மாவின் 1,840 கிலோ 8-வது நொடியில் அழிந்துபோயிருந்தது. அது எங்கேயும் பதிவாகவில்லை, யார் கணக்கிலும் ஏறவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பட்டியல் போடுகிற வேலைக்கு ஒரு சர்வீஸ் கிளாஸ் வைத்திருந்தேன். கிளாஸ் என்பது ஒரு வேலைக்கான கோடைச் சேர்த்து வைத்த கட்டு, அதிலுள்ள ஒவ்வொரு செயலும் ஒரு மெத்தட். விவசாயியின் எண்ணை மெத்தடுக்கு நேராகக் கொடுத்துவிட்டேன், அதனால் பெயர் மாறவில்லை. எடையையும் ரகத்தையும் மட்டும், நாலைந்து மெத்தடுகளுக்குத் தேவைப்படுகிறதே, ஒவ்வொன்றுக்கும் கையில் கொடுத்து அனுப்புவானேன் என்று, கிளாஸின் தலைமாட்டில் இரண்டு ஃபீல்டாக, எல்லா மெத்தடும் எழுதிப் படிக்கிற பொது இடமாக, வைத்துவிட்டேன். முதல் மெத்தட் எடையை அங்கே எழுதும். அடுத்த மெத்தட் விவசாயியின் பழைய முன்பணத்தை டேட்டாபேஸில் தேடும். கடைசி மெத்தட் அந்த ஃபீல்டுகளைப் படித்துப் பட்டியல் போடும். ஒரே ஆள் இருந்தால் கண்ணாடி மாதிரி தெளிவான கோடு.

ஆனால் ஸ்பிரிங்கில் நாம் வேறு மாதிரி சொல்லாதவரை ஒரு சர்வீஸ் கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான், அதாவது ஓடுகிற பிரதி ஒன்றுதான். சிங்கிள்டன் என்பது அங்கே தானாக வரும் ஏற்பாடு. அதற்கு முந்திய காலத்து சர்வ்லெட்டும் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) அப்படித்தான்: டாம்கேட் என்ற சர்வர் ஒரு சர்வ்லெட்டை ஒரு முறை உருவாக்கி, வருகிற எல்லாக் கோரிக்கைகளையும் அதன் மேல் ஓட விடும், ஒவ்வொன்றும் தனித் தனித் திரெட்டில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித் தனி வேலை இழையில். ஆக, இரண்டு கேட்டிலிருந்து இரண்டு திரெட் வந்தாலும் அவை எழுதுகிற ஃபீல்டு ஒன்றேதான். முதல் திரெட் 1,840 என்று எழுதிவிட்டு முன்பணம் தேடப் போகிறது. அது திரும்பி வருவதற்குள் இரண்டாம் திரெட் அதே இடத்தில் 1,265 என்று எழுதிவிடுகிறது. முதல் திரெட் வந்து படிக்கிறது. அது விட்டுப்போன எண் அங்கே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

முன்பணத் தேடல்தான் அந்த இடைவெளி. என் லேப்டாப்பில் சோதித்தபோது பத்துப் பதினைந்து வரி டேட்டா, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். மண்டியில் ஒரு வருஷக் கணக்கு ஏறியிருந்தது, அந்த டேபிளில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட மறந்திருந்தேன், ஒவ்வொரு தேடலும் இரண்டு நொடி இழுத்தது. இரண்டு நொடியில் இன்னொரு கேட்டின் பொத்தான் அமுக்கப்பட்டால் போதும். ஏப்ரலில் அது நடக்காது. ஜூன் மாதம் பெங்களூரா குவியும்போது, சாலை வரைக்கும் வண்டி நிற்கும்போது, நாளைக்கு நாலு முறை நடக்கும்.

இந்த மாதிரிப் பிழை எவ்வளவு காலம் பதுங்கியிருக்கும் என்பதற்கு எல்லை கிடையாது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ஓஹாயோவின் ஒரு மின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. தோண்டிப் பார்த்தால் ரேஸ் கண்டிஷன்: இரண்டு பிராசஸ் ஒரே தரவை ஒரே சமயத்தில் எழுதப்போய் மாட்டிக்கொண்டன. பல இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அதுவரை ஒருமுறைகூடத் தலைகாட்டாத பிழை அது. என்னுடையது ஒரு சீசன் தாக்குப்பிடித்தது.

சரி, சந்தேகம் வந்தாயிற்று, கண்ணால் பார்க்க வேண்டுமே. கோடு எழுதும் கருவியான எக்லிப்ஸில், முன்பணத் தேடலுக்கு அடுத்த வரியில், ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்தேன். எக்லிப்ஸ் வழக்கமாக அந்த ஒரு திரெட்டை மட்டும்தான் நிறுத்தும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு அது ரொம்ப வசதி. ஒரு பிரவுசரில் 1,840 போட்டு அனுப்பினேன், நின்றது. இன்னொரு பிரவுசரில் 1,265 போட்டு அனுப்பினேன். அதுவும் அதே வரியில் வந்து நின்றது. முதல் திரெட்டின் மேல் சுட்டியை வைத்து ஃபீல்டைப் பார்த்தால் 1,265. நான் எதையும் தொடவில்லை, அந்தத் திரெட் ஒரு அடி நகரவில்லை, அதன் எடை மட்டும் மாறியிருந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு வயிறு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. இந்தப் பிழையை நான் புதிதாகச் சந்திக்கவில்லை. பெங்களூருவில் என் முதல் வேலையே இதைத் துரத்துவதுதான். வெளிநாட்டில் பொருள் விற்கும் ஒரு தளம், கோல்டுஃப்யூஷன் என்ற மொழியில் எழுதியது. வாடிக்கையாளர் ஒருவரின் பக்கத்தில் இன்னொருவரின் முகவரி வந்துவிட்டது. அந்த மொழியில் காம்பொனென்ட் என்பது, ஜாவாவின் கிளாஸ் மாதிரி, 2002-இல் வந்தது. காம்பொனென்டுக்குள் ஒரு ஃபங்க்ஷனில் (மெத்தட் மாதிரிதான்) மாறியை, அதாவது மதிப்பு வைக்கும் பெயரை, அறிமுகப்படுத்தும்போது முன்னால் மூன்றெழுத்துச் சொல் ஒன்று போட வேண்டும். எங்கள் ஊர் வாயில் அது ‘வேர்’. அதைப் போட்டால் மாறி அந்த ஃபங்க்ஷனோடு முடிந்துவிடும். போடாவிட்டால் பிழை எதுவும் காட்டாது, மாறி காம்பொனென்டின் பொது இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காம்பொனென்டை வேகத்துக்காக, தளம் முழுவதுக்கும் பொதுவான அப்ளிகேஷன் ஸ்கோப்பில் ஒரே ஒரு பிரதியாக வைத்திருந்தால், உலகத்தில் அந்தத் தளத்தைத் திறக்கிற எல்லோருக்கும் அது ஒரே மாறி. வேர் இல்லாதது மிதந்துபோய் எங்கே ஒதுங்கும் என்று யார் கண்டது?

அதிலும் கொடுமை, லூப்பில் சுற்றுகிற எண்ணுக்குக்கூட வேர் போட வேண்டும், டேட்டாபேஸ் தேடலின் விடைக்கும் போட வேண்டும். 2009-இல் ஒன்பதாம் பதிப்பு வரும் வரை, அந்த வேர்களை எல்லாம் ஃபங்க்ஷனின் உச்சியிலேயே நட்டுவிட வேண்டும், நடுவில் போட முடியாது. ஆயிரக்கணக்கான வரிகளில் விட்டுப்போன வேரைத் தேடுவதற்கென்றே ஒரு கருவி புழக்கத்தில் இருந்தது. பிற்பாடு அதே மொழியை ஓட்ட வந்த லூசி என்ற இன்னொரு எஞ்சினில், வேர் போடாததையும் ஃபங்க்ஷனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. புத்திசாலித்தனம். மறதியை மனிதனால் ஒழிக்க முடியாது, மொழி கொஞ்சம் இறங்கி வரலாம்.

இரண்டு வருஷம் வேர் தேடியவன் நான். ஜாவாவுக்கு வந்தபோது, இங்கே அந்தத் தொல்லை இல்லை, ஃபங்க்ஷனுக்குள் எழுதுவது ஃபங்க்ஷனுக்குள்தான் இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். அது உண்மைதான். ஆனால் நானே கைப்பட எடுத்துப் போய்ப் பொது இடத்தில் வைத்தால் மொழி என்ன செய்யும்? அங்கே மறதியால் நடந்ததை இங்கே சோம்பலால் செய்தேன்.

பிஎச்பி என்ற வெப் மொழியிலிருந்து வருகிறவர்கள் இதில் எளிதாக விழுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வழக்கமான பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லாம் புதிதாகப் பிறந்து, பதில் போனதும் செத்துவிடும், முந்தைய ஆளின் மிச்சம் என்ற பேச்சே இல்லை. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் பயன்படுத்துகிறவர்கள் “எங்களுக்குத் திரெட்டே ஒன்றுதானே” என்பார்கள். திரெட் ஒன்றுதான், ஆனால் விடை வரும் வரை காத்திரு என்பதற்கு அவெய்ட் என்று எழுதிய இடத்தில் அந்த ஒரு திரெட் அடுத்த கோரிக்கையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஃபைலின் தலைமாட்டில் ஒரு மாறியை வைத்துக்கொண்டு, எழுதி, அவெய்ட் போட்டு, படித்துப் பாருங்கள். என் 1,840 போன வழியிலேயே போகும்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில், ஒரு மாறி எதுவரை தெரியும் என்ற ஸ்கோப்புக்கு ‘வரையெல்லை’ என்று பெயர். நல்ல சொல். எங்கள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டால் வரப்பு என்று முடித்துவிடுவார்.

சரி செய்தது எப்படி என்பதும் ஒரே மூச்சில் நடக்கவில்லை. மறுநாள் காலை வண்டிகள் வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று, அந்தக் கிளாஸின் எல்லா மெத்தடுக்கும் முன்னால் சிங்க்ரனைஸ்டு என்று போட்டேன். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும் என்று அர்த்தம். எடை மாறுவது நின்றது. பத்தரை மணிக்கு மாடியில் கணக்குப்பிள்ளை வாரக் கணக்கு ரிப்போர்ட்டைத் தட்டினார். அந்த ரிப்போர்ட்டும் அதே கிளாஸில்தான் இருந்தது, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரே ஆப்ஜெக்ட், ஒரே பூட்டு. அந்த ஒரு நிமிடம் இரண்டு கேட்டும் உறைந்து நின்றன. கீழே ஹாரன் சத்தம். மாமா மாடியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். சர்வ்லெட் உலகத்திலேயே ஒரு காலத்தில் ‘ஒரு சமயத்தில் ஒரே திரெட்’ என்று அறிவித்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2.4 பதிப்பிலேயே அதை வேண்டாம் என்று ஓரங்கட்டிவிட்டார்கள். நான் அதைத்தான் கையால் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

போனில் ஒரு நண்பன் திரெட்லோக்கல் போடச் சொன்னான். ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி மடி. கேட்க நன்றாக இருந்தது. எழுதிவிட்டு, ஒரு வண்டிக்கு வேண்டுமென்றே ரகம் தேர்ந்தெடுக்காமல் அனுப்பிப் பார்த்தேன். பிழை காட்ட வேண்டியது, முந்தைய ஏதோ ஒரு வண்டியின் ரகத்தோடு பட்டியலை நீட்டியது. டாம்கேட் திரெட்டுகளைத் தூக்கி எறிவதில்லை. நாம் மாற்றாவிட்டால் 200 வரை வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப வேலைக்கு அனுப்பும். மடியைத் துடைக்காமல் அனுப்பினால் பழைய காய் அதிலேயே இருக்கும். துடைக்கலாம்தான். ஆனால் துடைக்க மறப்பவன் யார் என்று எனக்குத் தெரியுமே.

கடைசியில் செய்தது ரொம்பச் சாதாரணம். இரண்டு ஃபீல்டையும் அழித்தேன். எடையையும் ரகத்தையும் மெத்தடுக்குள் பிறக்கும் மாறிகளாக்கி, தேவைப்படும் மெத்தடுகளுக்குக் கையில் கொடுத்தனுப்பினேன். அவை அந்தந்தத் திரெட்டின் ஸ்டாக்கில், அதன் சொந்த நினைவகத்தில், இருக்கும், வேறு திரெட்டால் எட்டிப் பார்க்கவும் முடியாது. நாற்பது வரிகூட மாறவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மாறி ஸ்டாக்கில் இருந்தாலும் அது சுட்டுகிற ஆப்ஜெக்ட் எல்லாத் திரெட்டுக்கும் பொதுவான ஹீப்பில்தான் இருக்கிறது. அந்த ஆப்ஜெக்டை எங்காவது பொதுவான லிஸ்டில் போட்டுவிட்டால் பழைய குருடி கதைதான்.

கை வைத்ததுதான் வைத்தோம் என்று மற்ற ஃபீல்டுகளையும் பார்த்தேன். தேதியை அச்சடிக்க சிம்பிள்டேட்ஃபார்மட்டைப் பொதுவாக ஒன்று வைத்திருந்தேன். அது பல திரெட் கை வைத்தால் தாங்காது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மட்டருக்கு மாற்றினேன், அதற்கு அந்தக் கவலை இல்லை. பட்டியல் எண்ணை ஒரு ஃபீல்டில் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று கூட்டுவது பார்க்க ஒரே வேலை. உள்ளே படி, கூட்டு, எழுது என்று மூன்று. இரண்டு திரெட் ஒரே எண்ணைப் படித்தால் இரண்டு பட்டியலுக்கும் ஒரே எண். இதை மெத்தடுக்குள் கொண்டுபோகவும் முடியாது, பட்டியல் எண் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தாக வேண்டும். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில், வரிசையாக எண் கொடுக்கும் சீக்வென்ஸிடம் விட்டேன். அது ஒரே எண்ணை இரண்டு முறை தராது, ஆனால் பாதியில் கைவிட்ட பட்டியலின் எண்ணைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளாது. நடுவில் காணாமல்போன எண்களைப் பற்றி ஆடிட்டர் இன்றைக்கும் கேட்கிறார்.

இன்னொரு பொதுச் சொத்து, அன்றைய விலை. மதியம் விலை மாறினால் ரகம் ரகமாக ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் படிப்பவருக்குப் பெங்களூராவுக்குப் புது விலை, நீலம் ரகத்துக்குப் பழைய விலை. இப்போது புது விலைப் பட்டியலைத் தனியாக முழுசாகத் தயார் செய்து, மாற்ற முடியாத ஆப்ஜெக்டாக்கி, மாற்றம் எல்லாத் திரெட்டுக்கும் தெரியும்படி வாலடைல் என்று குறித்த ஒரே சுட்டியை அதன் பக்கம் திருப்பிவிடுகிறேன். படிப்பவருக்கு முழுப் பழசு கிடைக்கும், அல்லது முழுப் புதுசு. மாமா எப்போதும் அப்படித்தான் செய்வார்: உள்ளே உட்கார்ந்து வேறு பலகையில் எழுதி முடித்துவிட்டு, பழையதைக் கழற்றி இதை மாட்டுவார்.

மாமாவுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருந்தது. திரெட், ஃபீல்டு என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “அட, ரெண்டு தராசுக்கும் ஒரே சிலேட்ட மாட்டி வெச்சிருக்கியா?” என்றார். ஆமாம் என்றேன். “ஆளுக்கொரு சிலேட்டு குடுத்துட்டுப் போ. இதுக்குப் போயி மூணு நாளா?”

இரண்டாம் கேட் பையனிடம் அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லீங்கண்ணா” என்றான். ஆனால் அதற்குப் பிறகு அவனும் ஒரு சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

பட்டியல் மாறிப்போன வண்டிகளைச் சிலேட்டுக் குறிப்பையும் லாகையும் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினோம். பதினான்கு. எடை குறைந்தவர்கள் தாங்களாகவே வந்திருந்தார்கள், அந்தக் கணக்கு சுலபமாகத் தீர்ந்தது. கூடுதலாகப் போனவர்களில் ஒரே ஒருவர் வந்தார். போச்சம்பள்ளிக்காரர், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் இறங்கி, பட்டியலை மேஜை மேல் வைத்து, “இவ்ளோ காய் என் மரத்துல இல்ல சாமி, நீங்களே பாத்துக்கங்க” என்றார். மாமா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். மற்றவர்களில் சிலரைப் போனில் பிடித்து அடுத்த வண்டியில் கழித்துக்கொண்டோம்.

மூன்று பட்டியலுக்கு மட்டும் ஆள் பிடிபடவில்லை. சிலேட்டு அழிந்திருந்தது, லாகும் சரியாகப் பிரியவில்லை. மாமாவின் சிவப்பு அட்டைப் பேரேட்டில் கூலி, வாடகை, அழுகல் கழிவு என்று வரிசையாகப் போகும் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதி, நேராகத் தலைப்புப் போட்டார்: கம்ப்யூட்டர் கழிவு. ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் பேரேட்டைப் புதுசாக மாற்றும்போது அந்த வரியையும் மறக்காமல் முன்னால் கொண்டுவந்து எழுதுகிறார்.